நுரையக்காவின் பதினெட்டாவது லோகோ

நுரையக்கா வெளுத்த படுக்கை விரிப்புகளைப் பற்றி அந்த வட்டாரத்தில் பல கதைகள் உலவின. ஒரு லாட்ஜில் தங்கிய வியாபாரி காலையில் கண்விழித்தானாம். சுற்றிலும் ஒரே வெள்ளை. செத்து மேலே வந்துவிட்டோம் என்று நினைத்து, கூட்டாளியை ஏமாற்றிய கதையையெல்லாம் வாய்விட்டு ஒப்பித்துவிட்டானாம். கூட்டாளி பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தானாம். இதில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதிப் பாதி உண்மை. அவள் வெளுப்பு அப்படி.

வயது ஐம்பத்தேழு. பதினோரு லாட்ஜுகளின் விரிப்புகள் அவளிடம்தான் வந்தன. எந்த நேரமும் முழங்கை வரை நுரையோடு வந்து கதவைத் திறப்பதால் நுரையக்கா ஆனாள். ஒரு ராத்திரிக்கு முந்நூறு பேர் அவள் துவைத்ததில் படுத்து எழுந்தார்கள். அந்த முந்நூறு பேரில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

சலவைக்கூடம் ஒரு நீள அறை. ஒரு மூலையில் இரண்டு இயந்திரங்கள். பெரியவள், சின்னவள் என்று பெயர். பெரியவள் பொறுமைசாலி. சின்னவள் பிழியும்போது ஆட்டம் போட்டு இடம்பெயர்ந்துவிடுவாள். ஒருநாள் வாசல் கேட் வரை நடந்துபோய், தெருவில் போன தபால்காரரை வழிமறித்ததாகக்கூட ஒரு பேச்சு உண்டு. முன்பக்க அறையில் இஸ்திரி உருளை. அதை ஓட்டுபவன்தான் சாயங்காலத்தில் வேனையும் ஓட்டுவான். வருஷத்துக்கு மூன்று முறைதான் வாயைத் திறப்பான். ஊமைக்கோட்டான் என்று ஊரே கூப்பிட்டு, அது கோட்டானாகச் சுருங்கிவிட்டது.

விரிப்பைத் துவைக்க ஒரு ஆள் போதும். மடிக்க இரண்டு ஆள் வேண்டும். இந்தப் பக்கம் ஒருவர் இரண்டு முனையைப் பிடிக்க, அந்தப் பக்கம் ஒருவர் இரண்டு முனையைப் பிடிக்க, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நுரையக்காவும் அவள் புருஷனும் இருபத்திரண்டு வருஷம் அப்படி நடந்து வந்தார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு முறை எதிரே வந்து சந்தித்த தம்பதி உலகத்தில் வேறு எங்கே உண்டு? சண்டை என்றால், அறையின் இரண்டு கோடியிலிருந்து கத்த ஆரம்பிப்பார்கள். முனைகள் சேரும்போது மூக்குக்கு மூக்கு நிற்பார்கள். அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கத்த முடியும்? ஒரு விரிப்புக்கு மேல் எந்தச் சண்டையும் நீண்டதில்லை.

அவர் போய் ஆறு வருஷம். அவர் இறந்த மாதமே அவள் எதிர்ச் சுவரில் இரண்டு கிளிப்புகளை அடித்துவைத்தாள், அவருடைய தோள் உயரத்தில். இரண்டு முனையை அதில் மாட்டிவிட்டு மறு முனைகளோடு நடப்பாள். கிளிப் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் சுவர் எதிரே வராது. முழுத் தூரத்தையும் அவளே நடக்க வேண்டியிருந்தது. இந்த வருஷ ஆரம்பத்தில் கோட்டானை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். "என் வேலை சூடு. மடிப்பு இல்ல," என்று அந்த வருஷத்தின் முதல் வாக்கியத்தைச் செலவழித்துவிட்டுப் போனான்.

ஒரே மகள் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை பதினோரு நிமிஷம் பேசுவாள். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஞாயிறு அவள்தான் ஆரம்பித்தாள்.

"அம்மா, உனக்கு ஒரு லோகோ வேணும்."

"எனக்கெதுக்குடி? இந்தத் தெருவுல என்னைத் தெரியாதவன் எவன் இருக்கான்?"

"தெருவுக்கு இல்லம்மா. புதுசா நூத்திநாப்பது ரூம்ல ஓட்டல் திறக்கறாங்களே, அவங்க சலவைக்கு ஆள் எடுக்கறாங்க. லெட்டர்பேடுலயும் வண்டியிலயும் கம்பெனி லோகோ இல்லாதவங்க விண்ணப்பமே போடக் கூடாதாம். எட்டு வாரம் டைம்."

"பெட்ஷீட்டு அழுக்கு போச்சான்னு பாக்க மாட்டாங்களா?"

"அதையும் பாப்பாங்க. முதல்ல லோகோ. மூணு பேர் நம்பர் அனுப்பறேன், பாத்து ஒருத்தரை எடு. வச்சிடட்டுமா?"

முதலாவது, கண்ணாடி போட்ட பெரிய அலுவலகம். உள்ளே குளிர்ந்த காற்று, ஆளுக்கொரு கணினி. இறுக்கச் சட்டை போட்ட ஒரு பையன் அவளுக்கு முன்னால் நாற்பத்திரண்டு கேள்விகள் அச்சடித்த படிவத்தை வைத்தான்.

"இதை நிரப்பிக் குடுங்க மேடம். உங்க கம்பெனியோட ஆளுமையைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் நாங்க வரையவே ஆரம்பிப்போம்."

முதல் கேள்வி: உங்கள் நிறுவனம் ஒரு மிருகமாக இருந்தால் எந்த மிருகம்?

"கழுதை," என்றாள்.

"மேடம், சிங்கம், கழுகு... இப்படித்தான் பொதுவா எழுதுவாங்க."

"சிங்கம் எந்த ஊருலப்பா துணிமூட்டை சுமந்துச்சு?"

எட்டுக் கேள்விவரை ஓட்டமாக ஓடினாள். ஒன்பதாவதில் வண்டி நின்றது. 'உங்கள் பெயரைக் கேட்டதும் முதலில் என்ன நினைவுக்கு வருகிறது என்று, உங்களுக்கு நெருக்கமான மூன்று பேரைக் கேட்டு எழுதவும்.' படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்தாள். கோட்டானைக் கேட்டாள். "நுரை," என்றான். அது அவனுடைய இரண்டாவது. மகளைக் கேட்டாள். "திடீர்னு கேட்டா எப்படிம்மா? யோசிச்சுச் சொல்றேன்," என்றாள், அடுத்த ஞாயிறு அவளுக்கு ஞாபகமில்லை. மூன்றாவது ஆள் யாரென்று நுரையக்கா மூன்று நாள் யோசித்தாள். பேனாவை மூடிவைத்துவிட்டாள். படிவம் நிறையாமல் கண்ணாடி அலுவலகத்தில் வேலை தொடங்காது. எனவே அவர்கள் பட்டியலிலிருந்து போனார்கள்.

இரண்டாவது ஆளுக்கு முகமே இல்லை. போனில் ஒரு குரல் மட்டும். "ஒரு மணி நேரத்துல அனுப்பறேன்," என்றது குரல். நாற்பது நிமிஷத்தில் வந்தது. நீல வட்டம், அதில் நான்கு குமிழிகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பாராட்டவும் ஒன்றுமில்லை.

மூன்றாவது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். தனியாகவே தொழில் செய்கிறவள். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்ததால் நுரையக்காவின் மனசுக்குள் அவள் உடனே பென்சில் ஆகிவிட்டாள். படிவமும் இல்லை, கணினியும் இல்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் நேராகச் சலவைக்கூடத்துக்கே வந்தாள்.

"நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கக்கா. நான் சும்மா பாத்துட்டிருக்கேன்."

நுரையக்கா விரிப்பைக் கிளிப்பில் மாட்டினாள், நடந்தாள், மாட்டினாள், நடந்தாள். ஐந்தாவது விரிப்பில் பென்சில் எழுந்து போய், கிளிப்பிலிருந்து இரண்டு முனைகளையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிடிக்கலாமாக்கா?"

உதறினார்கள். இழுத்தார்கள். எதிரெதிரே நடந்தார்கள். பாதித் தூரத்திலேயே முனைகள் சேர்ந்துவிட்டதில் நுரையக்காவுக்குக் கால் தடுமாறியது. ஆறு வருஷமாக முழு அறையை நடந்து பழகிய கால். ஒரு சாண் தூரத்தில் ஒரு முகம் இருந்தது. நெற்றியில் ஒரு அம்மைத் தழும்பு, மூக்குக்கண்ணாடியில் ரப்பர்த் துகள். இவ்வளவு பக்கத்தில் ஒரு முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவள் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கு விரிப்பு மடிந்திருக்காது.

பென்சில் விரிப்புக்கு ஒன்று வீதம் கேள்வி கேட்டாள். முதன்முதலில் துவைத்தது எந்த லாட்ஜுக்கு? எந்தக் கறை போகவே போகாது? சின்னவள் ஏன் நடக்கிறாள்? நுரையக்கா சொல்லிக்கொண்டே போனாள். மேகத்தில் கண்விழித்த வியாபாரியைச் சொன்னாள், தபால்காரரைச் சொன்னாள். பென்சில் சிரித்த சிரிப்பில் ஒரு முனை நழுவித் தரையில் விழ, அந்த விரிப்பை மறுபடி துவைக்கவேண்டி வந்தது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். நுரையக்காவுக்குக் கிடைத்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை பென்சில் முதல் படத்தோடு வந்தாள். ஒரே கோடு. தூக்காமல் இழுத்த கோடு. அது ஒரு விரிப்பாகி, இரண்டு முனைகளும் ஒன்றை ஒன்று தொடப்போகும் இடத்தில், தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நின்றிருந்தது.

நுரையக்கா நெடுநேரம் பார்த்தாள். இதுதான், இதேதான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அங்கேயே அதற்கு ஒரு சந்தேகமும் வந்தது. இதுதான் என்று சொல்லிவிட்டால் இவள் அடுத்த புதன்கிழமை எதற்கு வருவாள்?

"பாக்கலாம்," என்றாள். "கோடு கொஞ்சம் ஈரமா இருக்கு."

"கோடு எப்படிக்கா ஈரமா இருக்கும்?"

"துணியோட இருக்கறவளுக்குத் தெரியும். காயவச்சுக் கொண்டா. அடுத்த புதன்."

பென்சில் காயவைத்துக் கொண்டுவந்தாள். அதுவும் பார்க்கலாம் என்றானது. அன்னம் ஒன்று வரைந்து வந்தாள். "இது பறந்துடும்போல இருக்கே, பாக்கலாம்." ஒரு வாளி வரைந்தாள். "ஒழுகுதும்மா." ஒரு எழுத்தை மட்டும் அழகாக வரைந்து கொண்டுவந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னைப் பாத்து முறைக்குது. பாக்கலாம்." கூலியில் நுரையக்கா குறைவைக்கவில்லை; ஒவ்வொரு படத்துக்கும் உரியதைக் கொடுத்தாள். படங்களை மேஜை இழுப்பறைக்குள் பத்திரமாக அடுக்கினாள், முதல் படத்தை எல்லாவற்றுக்கும் மேலாக. புதன்கிழமைகளில் மடிக்கவேண்டியதை மிச்சம் வைப்பதற்காகச் செவ்வாய்க்கிழமை மடிப்பதை நிறுத்தினாள். டீயோடு பிஸ்கட் டப்பாவையும் எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

பென்சில் வர ஆரம்பித்த ஆறாவது வாரம் மகள் போனில் குதித்தாள். "என்னம்மா, இன்னும் தேர்ந்தெடுக்கலையா? வெள்ளிக்கிழமை கடைசி நாள்! லோகோ எடுக்கச் சொன்னா பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறியே!"

ஓட்டலை விட முடியாது. லாட்ஜுகளில் இரண்டு மூடப்போவதாகப் பேச்சு. பென்சிலை விடவும் முடியாது. இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. அப்போது அது அவளுக்குக் கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. போன்குரலைக் கூப்பிட்டு நீலக் குமிழியை வாங்கிக்கொண்டாள். லெட்டர்பேடு அடித்தாள். வேனின் இரண்டு பக்கத்திலும் குமிழி எழுதவைத்தாள். விண்ணப்பம் போனது. ஓட்டலின் மேலாளர் வந்து வேனைச் சுற்றிப் பார்த்தார்.

"மீன் வியாபாரமும் உண்டாம்மா?"

"இல்லையே. ஏன்?"

"சந்தைக்குப் பின்னால ஒரு மீன்கடையில இதே குமிழியைப் பாத்தேன். சரி விடுங்க. பெட்ஷீட்டைக் காட்டுங்க."

விரிப்பைப் பார்த்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். குமிழியை அப்புறம் எவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

புதன்கிழமைகளைக் காப்பாற்றுவதுதான் பாக்கி. புதன் காலையில் வேனைக் கூடத்துக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, மூன்று டபுள் பெட்ஷீட்களால் தலையோடு கால் போர்த்தி, கிளிப் போட்டுவிடுவாள்.

"வேனுக்கு என்னக்கா, ஜுரமா?" என்று பென்சில் கேட்டாள்.

"வெயில் பட்டா பெயிண்ட் போயிடும்மா."

பென்சில் கேட்ட எதற்கும் நுரையக்காவிடம் பதில் இருந்தது. இப்படி, சில வாரம் இரண்டும் மூன்றுமாக, எட்டு வாரத்தில் பதினேழு படங்கள் வந்தன. பதினேழு 'பாக்கலாம்' போயின.

ஒன்பதாவது வாரம் புதன்கிழமை பெரியவள் பழுது. நுரையக்கா அவளுடைய வயிற்றுக்குள் தலையைவிட்டு அடைப்பெடுத்துக்கொண்டிருந்தாள். லாட்ஜிலிருந்து போன் வந்தது, மூன்று டபுள் பெட்ஷீட் குறைகிறது, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று. கோட்டான் எடுத்தான். சுற்றும்முற்றும் பார்த்தான். மூன்று டபுள் பெட்ஷீட் வெளியே சும்மா வேன்மேல் கிடந்தது. உருவிக்கொண்டு போய்ச் சின்னவளுக்குள் போட்டான்.

நுரையக்கா தலையை வெளியே எடுத்தபோது பென்சில் வாசலில் நின்றிருந்தாள். கையில் காகித உறை. முகம் வேன் பக்கம்.

"எப்பக்கா எழுதினது?"

நுரையக்கா வாயைத் திறப்பதற்குள், "மூணு வாரம்," என்றான் கோட்டான். அந்த வருஷத்தின் மூன்றாவது. அதை டிசம்பர் வரை அவன் சேமித்து வைத்திருக்கக் கூடாதா?

பென்சில் உள்ளே வந்தாள். வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்காரவில்லை.

"அப்ப நான் எதுக்குக்கா வந்துட்டிருந்தேன்?"

நுரையக்காவின் கையிருப்பில் எப்போதும் நாலு பொய் இருக்கும். அன்றைக்குத் தேடினால் ஒன்றுகூட அகப்படவில்லை.

"மடிக்க," என்றாள்.

சின்னவள் பிழியத் தொடங்கி ஆட்டம் போட்டாள். நுரையக்கா எட்டி அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேட்டிருந்தா மடிச்சுக் குடுத்திருப்பேனேக்கா," என்றாள் பென்சில். "படமே வரையாம. சும்மா."

"இல்லம்மா, நான் வந்து..."

"பதினேழு படமும் நல்லா வரையலைன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். ராப்பகலா உக்காந்தேன். கை போயிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். வந்த ரெண்டு வேலையை வேண்டாம்னு சொல்லிட்டேன், ஒரு சலவைக்கூடத்துக்கே ஒழுங்கா வரையத் தெரியலையேன்னு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நுரையக்காவுக்கு அதைச் சமாளிக்கத் தெரியும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பென்சில் உறையைத் திறக்காமலேயே பைக்குள் வைத்தாள். பதினெட்டாவது படம் என்னவென்று நுரையக்கா பார்க்கவே இல்லை.

அடுத்த புதன்கிழமை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. பழக்கதோஷத்தில் செவ்வாய்க்கிழமை மடிக்காமல் விட்டிருந்தாள். கிளிப்பில் மாட்டினாள், நடந்தாள். பென்சிலுக்குப் போன் போட்டாள், அடித்து அடித்து ஓய்ந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள். கோட்டானிடம் வெள்ளைப் பெயிண்டைக் கொடுத்துக் குமிழியை அழிக்கச் சொன்னாள். வேன் மூஞ்சியில்லாத ஆள் மாதிரி நின்றது. ஞாயிற்றுக்கிழமை மகள், "லோகோ நல்லா அமைஞ்சுதும்மா, இல்ல?" என்றாள். "ம்," என்றாள். சொல்லலாமா என்று வாயெடுத்தாள். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. பதினோரு நிமிஷம் முடிந்திருந்தது.

மேஜை இழுப்பறையைத் திறந்தாள். பதினேழு படங்களுக்கு அடியில் அந்தப் படிவம் கிடந்தது. ஒன்பதாவது கேள்வியில் மையில்லை. பென்சிலிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் அவள் யாரை எழுதுவாள் என்று நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கல்யாணம் ஆனவளா? நெற்றித் தழும்பு எந்த வயதில் வந்தது? ஒன்பது வாரமாக விரிப்புக்கு ஒரு கேள்வி வாங்கிக்கொண்டாளே தவிர, திருப்பி ஒன்றுகூடக் கேட்டதில்லை. விசிட்டிங் கார்டில் உள்ள விலாசம் மட்டும்தான் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் சலவைக்கூடத்தைப் பூட்டினாள். ஆறு வருஷத்தில் முதல்முறை. கோட்டான் புருவத்தை உயர்த்தினான். வாக்கியம் தீர்ந்துபோயிருந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டான்.

நான்காவது மாடி. லிப்ட் கிடையாது. எண்பத்தெட்டுப் படிகள். இரண்டாம் மாடியில் முழங்கால் கேள்வி கேட்டது. மூன்றாம் மாடியில் மூச்சு. கார்டில் இருந்த எண்ணுள்ள கதவைத் தட்டினாள். சங்கிலி போட்டபடி ஒரு சாண் திறந்தது. அதே ஒரு சாண் தூரத்தில் அதே முகம். கொண்டையில் பென்சில் இல்லை. அவளுக்குப் பின்னால் ஒரு மேஜையும் ஒற்றைக் கட்டிலும் தெரிந்தன. கட்டில்மேல் விரிப்பு ஒரு பக்கம் கோணலாகத் தொங்கியது.

"என்னக்கா?"

"முதல் படம்தான்," என்றாள் நுரையக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "கோடு. அன்னைக்கே தெரியும் எனக்கு. ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்குக் கை போகலை. என் வாய்தான் போச்சு."

பென்சிலின் கை சங்கிலிமேல் இருந்தது.

"குமிழியை அழிச்சிட்டேன். வேன் வெறுமையா நிக்குது."

"இதைச் சொல்லவா நாலு மாடி ஏறி வந்தீங்க?"

"இல்ல. உன்னை நாப்பத்திரண்டு கேள்வி கேக்கணும்." பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். "நான் உன்னை ஒண்ணுமே கேக்கலை பாரு."

"எனக்கு வேலை இருக்குக்கா." கதவை மூடவில்லை. "ஒண்ணு கேளுங்க."

நுரையக்கா கண்ணாடியைத் தேடினாள். அவசரத்தில் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மனப்பாடமாக இருந்தது முதல் கேள்வி ஒன்றுதான்.

"நீ ஒரு மிருகமா இருந்தா..."

"கழுதைதான். பதினெட்டுப் படம் சுமந்தேனே."

நுரையக்காவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பென்சிலின் முகத்தில் எந்த உதவியும் இல்லை. பிறகு கதவு மெதுவாக மூடிக்கொண்டது. சங்கிலி கழலும் சத்தம் வரவில்லை.

மடித்த படிவத்தைக் கதவடியில் தள்ளினாள். எட்டுக் கேள்விக்கு அவளுடைய பதில்கள் இருந்தன, மீதி வெறுமை. பிடிகம்பியைப் பற்றி இறங்கினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்றாள். ஒரு நிமிஷம் நின்றாள். வேன் படத்தைப் பார்த்துச் சொல்ல வா, பெயிண்டருக்கு அளவு எடுத்துக் கொடுக்க வா என்று நல்ல காரணங்கள் இரண்டு மூன்று வாய்வரை வந்து நின்றன. எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏம்மா! அடுத்த புதன்கிழமை முந்நூறு பெட்ஷீட்டு இருக்கும். ஓட்டலோடது தனி. என்னால ஒருத்தியா முடியலை. மடிக்க வர்றியா?"

மாடிப்படி முழுக்க அவள் குரல் போய்ச் சுற்றி வந்தது. யாரோ ஒருவர் இரண்டாம் மாடியில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"பாக்கலாம்க்கா," என்றது மேலே கதவுக்குப் பின்னாலிருந்து பென்சிலின் குரல்.

நுரையக்கா அந்தச் சொல்லைக் கையில் வாங்கிக்கொண்ட மாதிரி சற்று நேரம் அங்கேயே நின்றாள். பதினேழு முறை அதை அவளே சொல்லியிருக்கிறாள். அதற்குள் என்னவெல்லாம் இருக்க முடியும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்புறம் மீதி அறுபத்தாறு படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கினாள்.